ஐந்தொகையில் விடுபட்ட வரி

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வளவில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு. எடுத்தால், மூச்சு வாங்கப் பேசுகிறான் ஒரு பையன். "அண்ணே, நான் புதுவயல். நீங்க காசிக்குப் போய்ட்டு வந்து எழுதினதைப் படிச்சுட்டுத்தான் வண்டியத் தயார் பண்ணினேன். நீங்க போட்ட அதே ஆயில்தான் போட்டிருக்கேன். கொல்லிமலைல பாதி ஏறிட்டோம், இப்ப எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. உங்களுக்கும் இப்படி ஆச்சாண்ணே?"

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவன் நாற்பதைத் தாண்டியிருந்தான். ஒரு வளைவில் நின்று கிளம்பும்போது வண்டி முன்னால் போகாமல் பின்னால் உருண்டு, இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் கூட்டாளிக்கு இடது மணிக்கட்டில் அடி. எலும்பில் கீறல் விட்டிருப்பது மறுநாள் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. "உங்களுக்கும் இப்படி ஆச்சா" என்று அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியும். 2019 ஜனவரியில் இருந்தே தெரியும். அதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். போனில் அவனிடம் ஆமாம் என்று சொன்ன அந்த நிமிடத்தில் இருந்து, இந்தக் கட்டுரையை எழுதாமல் எனக்கு நிம்மதி இல்லை.

அந்தக் காசிப் பயணத்துக்கு நான் பணம் தேடிய கதையில் இருந்து தொடங்க வேண்டும். என்னிடம் இருந்தது 150 சிசி வண்டி, அப்போதே எட்டு வயது. போக வர நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். லிட்டருக்கு நாற்பத்தைந்து கிடைத்தால் பெட்ரோல் மட்டும் நூறு லிட்டர். பதினைந்து நாள் சாப்பாடு, தங்கல், முன்பின் டயர், செயின் ஸ்பிராக்கெட், கைச்செலவு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தொட்டது. என் சம்பளத்தில் அது பெரிய தொகை. நாலு பக்கத்துக்கு ஒரு திட்டம் தயாரித்து, வழித்தடம், நாட்கள், வண்டியின் படம், எங்கெங்கே யாருடைய ஸ்டிக்கர் ஒட்டுவேன் என்ற வரைபடம் எல்லாம் வைத்து முப்பத்தேழு இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வந்தது மூன்று. மூன்றும் கேட்டது ஒன்றைத்தான்: உங்களை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள்? எண்ணிக்கையைச் சொன்னதும் மூன்றும் அடங்கிவிட்டன.

அப்புறம்தான் நேரில் போய்க் கேட்பது என்று இறங்கினேன். இந்த வேலைக்கு இறங்குகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். சின்ன ஊரில் ரொக்கம் கேட்டால் முகம் மாறும், பொருளோ வேலையோ கேட்டால் கை நீளும். டயர் கடைக்காரர் இரண்டு டியூப் கொடுத்தார். லேத் பட்டறைக்காரர் பையைக் கட்டுவதற்குப் பின்னால் ஒரு கேரியரை வெல்டிங் வைத்து, கூலி வாங்க மறுத்து, "விசுவநாதருக்கு எம் பேர்ல ஒரு அர்ச்சனை" என்றார். இன்னொரு கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்து ஹேண்டில் வரைக்கும் ஓட்டி, டேப் சுற்றி வைத்ததும் அவர்தான். ஒன்று அறுந்தால் அடுத்ததன் முனையை மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. கடைசியாக ஓர் ஆயில் கடை. ஊரைச் சொல்லவில்லை. அவர் என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, திட்டத்தை வரி விடாமல் படித்து, ரொக்கமாகவே ஐயாயிரமும் நாலு லிட்டர் ஆயிலும் கொடுத்தார். டேங்கின் இரண்டு பக்கமும் அவர் கடைப் பெயர் வர வேண்டும், வழியில் ஆயில் மாற்றும்போது ஒரு படம் எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கேன் பளபளவென்று இருந்தது. "இருக்கறதுலயே விலை கூடின சரக்கு தம்பி, புதுக் காருக்கெல்லாம் இதத்தான் ஊத்துறாங்க" என்றார். காருக்கே நல்லது என்றால் பைக்குக்கு இன்னும் நல்லது என்று நானும் நினைத்துக்கொண்டேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கேனைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கவில்லை.

குரை மலை ஏற்றம்

காசிக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் ஓடிய பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை 2,369 கிலோமீட்டர். நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலையாக இருந்தது. எண்களை மாற்றியதில் அது பல துண்டாகிப் பெரும்பகுதி நாற்பத்துநான்கில் சேர்ந்துவிட்டது. திருச்சி வழியாகப் போய் நாமக்கல்லில் அந்தச் சாலையைப் பிடித்தேன். ஓசூர், பெங்களூரு, அனந்தப்பூர், கர்நூல் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் கடந்தது. ஐதராபாத்தில் தங்கிய அன்று, சொன்ன வாக்குப்படி ஆயிலை மாற்றினேன். பழையது கறுத்து இறங்கியது, புதியது தேன் மாதிரி இறங்கியது. டேங்கில் கடைப் பெயர் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டேன். அன்று ராத்திரியே அவர் கூப்பிட்டு, "படம் ரொம்ப நல்லாருக்கு தம்பி, வீட்டுல எல்லாருக்கும் காட்டினேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இப்போதும் காதில் இருக்கிறது. பிற்பாடு நான் செய்ததற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

ஆதிலாபாத் தாண்டியபோதே வண்டி ஜாடை காட்டியது. ஐந்தாம் கியரில் லாரியை முந்துவதற்கு முறுக்கினால் சத்தம் முதலில் ஏறியது, வேகம் ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. சாமான் பாரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். நாக்பூர் தாண்டி, கவாசா பக்கம் மத்தியப் பிரதேச எல்லைக்குள் நுழைந்து, பெஞ்ச் புலிக் காட்டை ஒட்டிப் போகிற சாலையில் குரை மலை ஏற்றம் வந்தது. அப்போது அந்தப் பகுதியில் நாலுவழிச் சாலை வேலை முடிந்திருக்கவில்லை. குறுகலான பழைய ரோடு, லாரிகள் ஒன்றையொன்று ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தன. நின்று நின்று ஏற வேண்டியிருந்ததில் கிளட்ச் ஒரேயடியாக நழுவிவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஆர்பிஎம் முள் எகிறுகிறது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கருகல் வாடை. ஓரம் கட்டி, கேபிள் இறுக்கமாக இருந்தால்கூட கிளட்ச் லீவரைப் பாதி அழுத்திப் பிடித்த மாதிரியே நிற்கும் என்பதால் லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் வருகிற வரை தளர்த்திப் பார்த்தேன். மாற்றம் இல்லை. தை மாதக் குளிர், நாலரை மணிக்கே காட்டு மரங்களின் நிழல் ரோட்டை மூட ஆரம்பித்தது.

நாமக்கல் பதிவெண் போட்ட ஒரு லாரி என்னைத் தாண்டிப் போய் நின்றது. என் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார்கள். டிரைவரும் கிளீனரும் இறங்கி வந்து, காலிப் பாடியில் வண்டியை ஏற்றிக் கயிறு கட்டி, சிவனிக்கு முன்னால் சாலையோரம் இருந்த ஒரு பட்டறையில் கொண்டுபோய் இறக்கினார்கள். மெக்கானிக் வயதானவர். இந்தி மட்டும்தான். டிரைவர் போகாமல் நின்று மொழிபெயர்த்தார். பெரியவர் கிளட்சைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆயில் ஊற்றினாய்?" பையில் மிச்சம் இருந்த கேனை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த வட்ட முத்திரையில் விரலை வைத்து, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

"இது காருக்கு மட்டும் ஊத்தற ஆயிலுங்களாம். காருல கிளட்ச்சு தனியா காஞ்சு கெடக்கும், பைக்குல எஞ்சின் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கெடக்குதுங்களாம். இதுல வழுக்கறதுக்குன்னே மருந்து போட்டிருக்கறதால பிளேட்டு ஒண்ணையொண்ணு புடிக்கறதில்லைங்களாம்" என்றார் டிரைவர்.

இதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. ஆனாலும் கேனில் என்ன பார்க்க வேண்டும் என்பதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அன்று விட்டது இதைத்தான். வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'எனர்ஜி கன்சர்விங்' அல்லது 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அது மைலேஜுக்காக உராய்வைக் குறைத்த கார் ஆயில். எஞ்சினுக்கு அந்த உராய்வு வேண்டாம், கிளட்ச் பிளேட்டுக்கோ அந்த உராய்வுதான் உயிர். கார் ஆயில்கள் இப்படி மாறிக்கொண்டே போனதால்தான் ஜப்பான்காரர்கள் 1998இல் மோட்டார் சைக்கிளுக்கென்று ஜாஸோ என்ற தனித் தரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆயிலில் முங்குகிற கிளட்சுக்கு எம்ஏ. அதையே 2006இல் எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், எம்ஏ2வில் பிடிப்பு அதிகம். எம்பி என்று இருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. நான் கொண்டுபோன கேனில் ஜாஸோ என்ற எழுத்தே இல்லை, கீழ்ப்பாதி வாசகம் இருந்தது.

பெரியவர் ஆயிலை வடித்தார். வலப்பக்க மூடியைக் கழற்றிப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தார். நடுவில் ஒரு பிளேட்டை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தடிமன் அப்படியே இருந்தது. தேயவில்லை, மாற்ற வேண்டியதில்லை, இன்னும் பத்தாயிரம் ஓடும் என்று கையால் காட்டினார். மூடியைக் கழற்றும்போது கிழிந்த பேக்கிங்குக்குப் பதில் தடித்த தாளில் வெட்டி, அனபாண்ட் பசை தடவி ஒட்டினார். தன் அலமாரியில் இருந்து எம்ஏ போட்ட 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றினார். உள்ளே ஒட்டியிருக்கிற பழைய எண்ணெய் இதிலும் கலக்கும், ஜபல்பூர் போனதும் இதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்று என்றார். எல்லாவற்றுக்கும் அவர் வாங்கியது 600 ரூபாய். லாரிக்காரர் ஒரு டீயைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

சிவனி லாட்ஜில் எழுதியது

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த ராத்திரியில்தான். லாட்ஜ் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அன்றைய நாளை எழுத உட்கார்ந்தேன். நகத்தில் கறுப்பு போகவில்லை. முதலில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். எழுதிவிட்டு அவருடைய டீயை நினைத்தேன், வீட்டில் எல்லோருக்கும் படம் காட்டியதை நினைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி மனசில் பதிந்திருந்தது. கொடுத்தவர் கடையின் சரக்கை ஊரறியக் குறை சொல்வதா? எழுதியதை அழித்தேன். 'ஏற்றத்தில் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனதால் சிவனியில் வேலை பார்க்க வேண்டியதாயிற்று. மற்றபடி எஞ்சின் பட்டு மாதிரி ஓடுகிறது, ஆயில் அருமை' என்று எழுதிப் போட்டேன். தேயாத பிளேட்டை இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் கையில் வாங்கிப் பார்த்தவன் நான்.

மறுநாள் ஜபல்பூர், ரீவா, அப்புறம் காசி. நம் நகரத்தார் சத்திரத்தில் தங்கி, அங்கிருந்து பூசைப் பொருட்களோடு கோயிலுக்குப் போகும் சம்போ புறப்பாட்டின் பின்னாலேயே சந்துகளில் நடந்து விசுவநாதரைப் பார்த்தேன். லேத் பட்டறைக்காரர் பெயரில் அர்ச்சனை செய்தேன். எல்லாம் நிறைவாகத்தான் இருந்தது. திரும்பி வந்ததும் ஆயில் கடைக்காரருக்குக் கங்கைச் சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பதினைந்து வயதில் மலேயாவின் ஈப்போவில் இருந்த வட்டிக்கடைக்கு எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போனவர். பிறகு உதவியாளான அடுத்தாள் ஆகி, கடையை நடத்தும் மேலாளாகவும் ஒரு தவணை இருந்தார். அந்தக் காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்துகிறவர் கடல் தாண்டிப் போவார். மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னாலேயே வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். யோசித்துப் பார்த்தால் அடுத்தவர் முதலில் தூரதேசம் போவது செட்டிநாட்டுக்குப் புதிதே இல்லை. முப்பத்தேழு மின்னஞ்சல் அனுப்பி நான் தேடிய ஏற்பாட்டை இந்த மண் சில தலைமுறை நடத்திப் பார்த்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றது கணக்கு. அங்கிருந்து ஊருக்கு ஐந்தொகை என்ற கணக்கு அறிக்கை வர வேண்டும். வரவு, பற்று, வட்டியோடு வராக்கடனும் அதில் இருக்கும். ஐயாவின் தகரப்பெட்டியில் மஞ்சளாகிப்போன ஓர் ஐந்தொகைப் படி இன்னும் கிடக்கிறது. அதில் ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பாத தொகையை, தான் விசாரிக்காமல் கொடுத்தது என்று ஐயாவே தன் கையால் எழுதியிருக்கிறார். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், கீழே அந்த வரி. முதலாளி எங்கோ இருக்கிறார், சொன்னால்தான் தெரியும் என்ற இடத்தில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்கிறார்.

கொல்லிமலை போனுக்கு மறுநாள் அந்தப் படியை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நன்றி என்று நினைத்துச் செய்ததை ஐயா நன்றி என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். உப்புப் போட்டவர் நஷ்டப்படாமல் இருக்க வேண்டுமென்றால், அவர் சரக்கு எங்கே ஆகவில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊரறிய எழுதுவது அப்புறம். நான் அவரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. ஆதாயத்துக்காக மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த ஐயாயிரம் ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. சங்கடத்துக்குப் பயந்தேன். ஸ்பான்சர் வாங்கிப் பயணம் போகிறவர்கள் பலர் எழுதுவதில் வண்டி பழுதாகும் இடம் மட்டும் ஏன் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிக்க வேண்டியதில்லை. டேங்கில் ஒட்டியிருக்கிற பெயர் எழுதுகிறவன் கையைப் பிடிக்கிறது. பிடிப்பவர் கெட்டவர் என்பதால் இல்லை, நல்லவராக இருக்கும்போதுதான் பிடி இறுகுகிறது.

அட்டை

கடைக்குப் போனேன். படம் அதே இடத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குரை மலை, பெரியவர், சிவனி லாட்ஜ், புதுவயல் பையன், மணிக்கட்டு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் அலமாரியில் இருந்து ஒரு கேனை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். வட்டத்தைக் காட்டினேன். இன்னொரு கேன், பைக் ஆயில், அதையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, எம்ஏ2 எங்கே போட்டிருக்கிறது என்று அவரே தேடிக் கண்டுபிடித்தார். பிறகு சொன்னார்: "அப்பவே சொல்லியிருந்தா சப்ளை பண்றவன்கிட்ட கேட்டிருப்பேனே தம்பி. ஒங்க படத்தக் காட்டித்தான நான் பைக்குக்காரப் பயலுக எத்தன பேருக்கு இத வித்திருக்கேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனசுக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டத்தைக் கழற்றி மேசைக்குள் வைத்தார். ஓர் அட்டையை வெட்டி, மார்க்கரையும் என்னிடமே கொடுத்து எழுதச் சொன்னார். 'கியர் பைக்குக்கு இந்த வரிசை ஆயில் ஊற்றக் கூடாது' என்று எழுதினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு அட்டை வெட்டிக் கொடுத்தார். அலமாரிக் கம்பியில் கட்டிவிட்டு வந்தேன். ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. "அந்தப் பசங்களுக்குப் போய்ப் பாரு" என்றார்.

பழைய கட்டுரையில் அந்த இரண்டு வரிகளை அழிக்காமல் கோடு மட்டும் இழுத்து, கீழே நடந்ததை எழுதியிருக்கிறேன். புதுவயலுக்கும் போய் வந்தேன். பையனின் வண்டியில் பிளேட் கருகியே போயிருந்தது. வளைவுக்கு வளைவு விடாமல் முறுக்கியிருக்கிறான், கழுவித் தேறாது. புது பிளேட் செட்டும் ஸ்பிரிங்கும் வாங்கிப் போட்டோம், லேத் பட்டறைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். அடுத்த வருஷம் லே போவதற்கு இருவரும் திட்டம் வைத்திருக்கிறார்கள், யாரிடம் எதைக் கேட்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார்கள். கூட்டாளிப் பையனுக்குப் பிள்ளையார் சதுர்த்தி கழித்துத்தான் மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். இடது கை. பிரித்ததும் முதல் வேலையாக வண்டியில் உட்கார்ந்து கிளட்ச்சைப் பிடித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னான்.